லேபர் எவ்வளவுண்ணே?

பைக் வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். மெக்கானிக் நம்மை ஏமாற்றுகிறார் என்று திடமாக நம்புகிறவர்கள் ஒரு ரகம். மெக்கானிக் நம்மை ஏமாற்றுகிறார், ஆனாலும் நல்ல மனுஷன் என்று நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாக, அவர் ஏமாற்றுவதே இல்லை என்று நம்புகிறவர்களும் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் மெக்கானிக்குகளாக இருக்கக்கூடும்!

சந்தேகமிருந்தால் ஆபீஸில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இந்த சப்ஜெக்டை லேசாக எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்கிரிமென்ட், கிரிக்கெட், மேனேஜரின் புது விக் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

"கிளட்ச் கேபிள் மாத்தினதுக்கு நானூறு ரூபா தீட்டிட்டான் ஸார்! பத்து நிமிஷ வேலை!"

"நானூறா? எங்க ஆளு இருநூத்தம்பதுக்கே முடிச்சிருப்பான்."

இந்த 'எங்க ஆளு' என்பதில் இருக்கிற கர்வம் இருக்கிறதே, அது மாமனார் வீட்டுப் பெருமைக்குச் சமானம். ஆனால் 'எங்க ஆளு' கடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் மழுப்பலாக வரும். கூட்டம் சேர்ந்துவிட்டால் ரேட்டை ஏற்றிவிடுவாராம்.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பரை மனப்பாடம் செய்து எழுதி 54 மார்க் வாங்கினேன். 'ஓவர்ஹெட்', 'ஐடில் டைம்' என்றெல்லாம் அதில் வரும். பாஸான பிறகு அது ஒரு நாள்கூட உபயோகப்பட்டதில்லை. சரி, இந்த 'பத்து நிமிஷ வேலை'க்காவது உபயோகப்படட்டும் என்று, எங்கள் ஏரியா மெக்கானிக் கடையில் இரண்டு சனிக்கிழமை நோட்டுப் புத்தகமும் கையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"என்ன ஸார், இன்கம்டாக்ஸா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, கட்டுரை."

"அதுக்கு இன்கம்டாக்ஸே பரவால்லயே..." என்று ஒரு பழைய டயரை உட்காரக் கொடுத்தார். பேரைப் போடக்கூடாது என்பது கண்டிஷன். ஆகவே அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையின் தெற்குப் புறநகரில் பத்துக்குப் பன்னிரண்டு கடை. உள்ளே ஒரு கம்ப்ரஸர், ஸ்பேனர்கள் தொங்கும் ஒரு பலகை, மூன்று மதத்துக் கடவுள்களின் படங்கள். (வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு எந்த சாமி உதவுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதாம்!) இருபத்திரண்டு வருஷ அனுபவம். உதவிக்கு ஒரு பையன். பையன் என்றால் இருபது வயசு ஆசாமிதான். பதினாலு வயசுக்குள் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

முதல் சனிக்கிழமை. சொல்லி வைத்தாற்போல ஒரு கிளட்ச் கேபிள் கேஸ் வந்தது. நானும் வாட்ச்சைப் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தேன்.

10.40. சட்டையை இன் பண்ணிய ஒரு வாலிபர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அண்ணன் கையில் இருந்த பிரேக் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து பார்க்கிறார். கேபிள் அறுந்திருக்கிறது. அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை. பையனை ஸ்பேர்ஸ் கடைக்கு விரட்டுகிறார். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்குப் போய் அவன் திரும்பி வரும்போது 11.25. கேபிளை மாட்டியது ஒன்பதே நிமிஷம். பத்துகூட இல்லை! அப்புறம் லீவரில் ப்ளே பார்த்து, தெருமுனை வரை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.

"எவ்வளவுண்ணே?"

"கேபிள் 210. லேபர் 120."

"ஒரு கேபிள் மாட்டறதுக்கு நூத்தியிருபதா? பத்து நிமிஷம்கூட ஆகல!"

கடைசியில் 250 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வாலிபர் பறந்துவிட்டார். கேபிள் விலையைக் கழித்தால் கூலி 40 ரூபாய். பையன் இரண்டு கடை ஏறி இறங்கிய நேரம், பெட்ரோல், நடுவில் நின்றுபோன பிரேக் வேலை எல்லாம் அந்த நாற்பதில் அடக்கம்.

"நஷ்டம்தானே?" என்றேன்.

"கேபிள் எனக்கு 165க்கு வருது ஸார். அதுல 45 நிக்கும். மொத்தம் 85." என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். "இதே ஆளு அடுத்த தடவை வந்தா, கேபிள் 290, லேபர் 40ன்னு சொல்லுவேன். சந்தோஷமா 330 கொடுத்துட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டுப் போவாரு."

"கவர்ல எம்.ஆர்.பி. போட்டிருக்குமே?"

"கவரை எவன் ஸார் கேக்கறான்?"

நோட்டுப் புத்தகத்தில் இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். பாக்கெட்டின் மேல் அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அண்ணனுக்கும் அது தெரியும். உண்மையான உழைப்புக்குக் கேட்ட 120 ரூபாய் கொள்ளை என்று பட்டது. பொருளின் விலையில் 80 ரூபாயை ஒளித்து வைத்துக் கேட்டால் நியாயமாகப் பட்டுவிடுகிறது. நம் கண்ணில் கேபிள் தெரிகிறது, கை தெரியவில்லை.

சரி, கடையின் கணக்கைப் பார்ப்போம். அண்ணன் வாயால் சொல்லச் சொல்ல நான் போட்ட காஸ்ட் ஷீட் இது. வேறு கடையில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் கணக்கின் ரூபம் மாறாது. மாச வாடகை 9,000. கரண்ட் 1,200. பையனுக்குச் சம்பளம் 14,000. துடைக்கிற துணி, கழுவுகிற மண்ணெண்ணெய், சோப்பு, தேய்ந்துபோகும் டூல்ஸ், டீ என்று சில்லறைச் செலவுகள் 3,800. ஆக 28,000. இதற்கு மேல் அண்ணன் குடும்பத்துக்கு மாசம் 30,000 வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இது பேராசையா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ள ஆசாமி, பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மெடிக்கல் லீவ் போட்டால் அன்றைக்குக் கல்லாப்பெட்டியும் லீவ். மொத்தம் 58,000.

இப்போது நேரம். மாசத்தில் 26 நாள். கடை திறந்திருப்பது தினம் பத்து மணி நேரம். ஆனால் காசு வரக்கூடிய வேலையில் கை இருப்பது ஐந்து மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. இரண்டு சனிக்கிழமையும் குறித்துப் பார்த்துவிட்டேன். மிச்ச நேரம்? ஸ்பேர்ஸுக்குக் காத்திருப்பது, போனில் "வண்டி ரெடியா" என்கிறவருக்குப் பதில் சொல்வது, நேற்று செய்த வேலையை இன்று மறுபடி சரிபார்த்துக் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, "சும்மா ஒரு தடவை பாருங்கண்ணே" கேஸ்கள். ஒரு நாளில் பதினோரு பேர் வந்தார்கள். ஒரு சத்தம் வருகிறது, என்னவென்று சும்மா பார்க்க வேண்டுமாம். காது டாக்டரிடம் போய் "சும்மா ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று நாம் சொல்வதுண்டா?

ஐந்து மணி நேரம், 26 நாள்: 130 மணி நேரம். 58,000-ஐ 130-ஆல் வகுத்தால் 446 ரூபாய். அதாவது அண்ணன் கை ஒரு வண்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் 446 ரூபாய் வந்தாக வேண்டும். வாங்குவதென்னவோ, எல்லா வேலையையும் சராசரி பார்த்தால், மணிக்கு 250 தேறினால் அதிகம். மாசத்துக்கு 32,500. துண்டு விழுவது 25,500.

இந்த 25,500 ஆகாயத்திலிருந்து வராது. ஸ்பேர்ஸிலிருந்தும் ஆயிலிலிருந்தும்தான் வரும்.

ஸ்பேர்ஸ் கடைக்காரர்கள் மெக்கானிக்குகளுக்கு விலையில் கழிவு கொடுப்பது ஊரறிந்த வியாபாரம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போய், வெள்ளைச் சட்டையோடு ஒரு பிரேக் ஷூ கேட்டுப் பாருங்கள்; அப்புறம் அழுக்குச் சட்டையோடு கேட்டுப் பாருங்கள்! இதில் தப்பு ஒன்றும் இல்லை. பொருளைத் தேடிப் பிடித்து, கைக்காசைப் போட்டு வாங்கி, அது சரியில்லை என்றால் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுகிறவருக்கு ஒரு லாபம் வேண்டாமா?

ஆனால் இதன் விளைவு வில்லங்கமானது. மெக்கானிக்கின் வருமானத்தில் பாதி, கழற்றி மாட்டுவதில் இல்லாமல் புதுசு விற்பதில் இருக்கிறது என்றால், அவருக்கு எது சௌகரியம்? ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் காற்றடித்து, சுத்தமாகத் துடைத்து மாட்ட ஒரு மணி நேரம். கூலி இருநூறு கேட்டால், "தொடைச்சதுக்கா இருநூறு?" என்பீர்கள். "கார்புரேட்டர் போயிடுச்சு ஸார், மாத்திடலாம்" என்றால் வேலை அரை மணி, லாபம் அதைப்போல் இரண்டு மூன்று பங்கு. உங்கள் முகத்திலும் ஒரு திருப்தி, புதுசு போட்டுவிட்டோம் என்று. நேர்மையான ஆளும் நாளாவட்டத்தில் அந்தப் பக்கம் சாய்வார். கூலியில் ஐம்பது ரூபாய் அடித்துப் பேசிய வெற்றியோடு வீட்டுக்குப் போகிறோமே, அந்த ஐம்பதுக்கு நாம் கொடுக்கிற வட்டி இது.

"ரேட் போர்டு மாட்டிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"மாட்டினேன் ஸார். ஜெனரல் சர்வீஸ் லேபர் 450ன்னு. மூணாவது நாள் எதிர்க்கடையில 399ன்னு ஒரு போர்டு. என் போர்டு இப்போ எங்க இருக்கு தெரியுமா?" என்று கம்ப்ரஸருக்கு அடியில் காட்டினார். ஆயில் சொட்டாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

பழைய காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் என்றால் கதையே வேறு. ரோட்டோரத்தில் நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றி, எமரி பேப்பரில் இரண்டு தேய், மாட்டு, உதை. நாமே பாதி மெக்கானிக். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. இடத்தைப் பிடித்தது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலை எத்தனை சொட்டு விடுவது என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது; அதற்குச் சேதி சொல்ல ஏழெட்டு சென்ஸார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகியிருந்தது.

அண்ணன் தவணையில் ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறார். வண்டியில் சொருகினால், எந்த சென்ஸார் கோளாறு என்று திரையில் எண் வரும். எண் வந்தால் வியாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சென்ஸாரே கெட்டிருக்கலாம், அதற்குப் போகிற வயரை எலி கடித்திருக்கலாம், பேட்டரி வீக்காக இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மூளை. இதற்கு 200 ரூபாய் கேட்டதற்கு ஒருவர் சொன்னாராம்: "போனைப் பாக்கற மாதிரி ரெண்டு நிமிஷம் பாத்தீங்க, அதுக்கு இருநூறா?"

'கம்பெனி சர்வீஸில் இந்தத் தொல்லையே இல்லை' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் என் ஸ்கூட்டரை அப்படிப்பட்ட ஒரு ஏ.ஸி. ஹாலில் விட்டிருக்கிறேன். காபி மெஷின் உண்டு. டை கட்டிய தம்பி ஜாப் கார்டில் கையெழுத்து வாங்குவார். உத்தேச பில் முன்கூட்டியே வரும். ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கம்பெனியே போட்ட அட்டவணைப்படி கூலி. பேரம் பேச நாக்கு எழாது. கூலியின் தலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. அத்தனையும் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். இதே நாம்தான் தெருமுனை அண்ணனிடம் நாற்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது! கூலி அதிகம் என்பதல்ல நம் வருத்தம், அழுக்குச் சட்டைக்குக் கூலி அதிகம் என்பதுதான்.

ஏ.ஸி. ஹாலிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என் பில்லில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி. என்னவென்று கேட்டதற்கு, துணியும் கிரீஸும் என்றார்கள். அடுத்த வரி, நான் கேட்காமலே என்ஜினுக்குள் ஊற்றிய ஏதோ ஒரு மருந்து. "எல்லாருக்கும் போடுவோம் ஸார்" என்றார் டை கட்டிய தம்பி, பிரசாதம் மாதிரி. நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். கேட்காதவர்கள் பில்லில் அது இருந்துகொண்டுதான் இருக்கும்.

வரி விஷயத்தில் ஒரு தகவல். வருஷ டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள் இருக்கும் சர்வீஸ் தொழில்காரர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. எனவே நம்பர் இல்லாத துண்டுச்சீட்டில் '18% டாக்ஸ்' என்று இருந்தால், நம்பர் எங்கே என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அப்புறம், டூவீலர் ஸ்பேர்ஸ் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலையையே சொல்கிறார்களா என்று கவரைப் பார்ப்பதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வருஷத்துக்கு நான்கு தடவை ஒரு கதை வரும். கப்பல் என்ஜின் நின்றுவிடுகிறது. ஒரு கிழவர் வந்து சுத்தியலால் ஒரே தட்டு. ஓடுகிறது. ஏகப்பட்ட தொகைக்கு பில். 'தட்டியதற்குக் கொஞ்சம், எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்கு மிச்சம்' என்று விளக்கம். நல்ல கதைதான். மெக்கானிக்குகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால், கிழவர் நாலு தப்பான இடத்தில் தட்டிவிட்டு ஐந்தாவதில் கண்டுபிடித்திருந்தால் பில் எப்படி என்று அந்தக் கதை சொல்வதில்லையே?

நம் ஊர் நிஜம் அதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் மாற்றுகிறார், ஆகவில்லை. காயில் மாற்றுகிறார், ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. பிளக்குக்கும் காயிலுக்கும் யார் காசு கொடுப்பது? அண்ணனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "போட்டுப் பாத்தது என் பொருள்னா கழட்டி வெச்சுக்குவேன். தேடின நேரத்துக்குக் காசு வாங்குவேன்" என்றார். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தேடுவதும் வேலைதான். ஆனால் தேடுவதற்காக மாட்டிய பொருளை நம் தலையில் கட்டுவது கூடாது. எல்லோரும் அண்ணன் மாதிரி கழற்றி வைத்துக்கொள்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பைக் மட்டுமல்ல. கரண்ட் போனால் ஓடும் சின்ன ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின், தோட்டத்து மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் எல்லாவற்றிலும் இதே ரகக் குட்டி என்ஜின்தான். அங்கே வேறு மாதிரி சண்டை. "மெஷினே ஏழாயிரம், ரிப்பேருக்கு ஆயிரத்தைந்நூறா?" என்பார்கள். மெஷின் மலிவு என்பதற்காக அதன் போல்ட்டுகள் சீக்கிரம் கழன்று வந்துவிடுமா? கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய லட்ச ரூபாய் வண்டிக்கு ஆகிற நேரம்தான் அதற்கும் ஆகும். அந்த ரிப்பேரில் பாதி நாமே வரவழைத்துக்கொள்வது. ஆறு மாசம் டேங்கில் பெட்ரோலோடு மூலையில் போட்டுவிடுகிறோம். இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிற ஜாதி. உபயோகிக்காத நாளில் டேங்கைக் காலி செய்து வைத்தால் ஆயிரத்தைந்நூறு மிச்சம். இதை அண்ணனே சொன்னார், தன் வியாபாரத்துக்கு விரோதமாக.

கூலியில் தகராறு வந்தால் மெக்கானிக் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? மெர்க்கன்டைல் லா வகுப்பில் தூங்காதவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. ஒரு பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவழித்தவர், தன் கூலி கைக்கு வரும்வரை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். உதாரணம்கூட சட்டத்திலேயே இருக்கிறது: பட்டை தீட்டிய வைரத்தை, காசு வரும்வரை நகைக்காரர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்டு தைக்கிற தையல்காரர், தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணம் மூன்று மாசம் கழித்துக் கொடு என்று ஒப்புக்கொண்டிருந்தால், கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. எதற்காகக் கொடுத்தோமோ அந்த வேலையின் கூலிக்குத்தான் இந்த உரிமை. நாம் சொல்லவே சொல்லாத வேலையைச் செய்துவிட்டு வண்டியைப் பிடித்து வைப்பது வேறு சமாசாரம். நம் பக்கத்துக்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில், பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. கேபிளுக்காக யாரும் அங்கே போகப்போவதில்லை. ஆனால் என்ஜினைப் பிரித்த கேஸ் என்றால் போகலாம்.

இரண்டாவது சனிக்கிழமை அப்படி ஒரு கேஸ் வந்தது.

வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். 125 சி.சி. பைக். புகை கக்குகிறது என்று வியாழக்கிழமை விட்டிருக்கிறான். அண்ணன் வெளியிலிருந்து பார்த்து, "நாலு, நாலரை ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் கோடு கோடாகக் கீறல், டைமிங் செயினும் தளர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றி வண்டி ரெடி. துண்டுச்சீட்டை நான் வாங்கிப் பார்த்தேன். பிளாக், பிஸ்டன் செட் 2,900. டைமிங் செயின் கிட் 650. கேஸ்கட், ஆயில் சீல் 380. லேத்தில் வால்வு வேலை 450. ஆயில் 420. லேபர் 1,800. மொத்தம் 6,600.

பையன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இல்லாததால் இரண்டு நாள் வருமானம் ஏற்கெனவே போய்விட்டது. கையில் இருந்தது 4,500.

"நாலரைன்னு சொன்னீங்களேண்ணே..."

"பிரிச்சாதானேப்பா தெரியும்? இங்க பாரு, நகத்தால தடவிப் பாரு, மாட்டுதா?" பழைய சிலிண்டரை எடுத்து அவன் விரலைப் பிடித்து உள்ளே தடவிக் காட்டினார். மாட்டியது.

"சரிண்ணே. கூலில ஒரு எண்ணூறு கொறைச்சுக்கங்க."

அவனும் 4,800 ரூபாய் சாமானை விட்டுவிட்டான். அந்த 1,800-ல்தான் கை வைத்தான். என் காஸ்ட் ஷீட்டை எடுத்தேன். இந்த வேலையில் அண்ணன் கை இருந்தது ஏழு மணி நேரம். மணிக்கு 446 என்றால் 3,122. அவர் கேட்டதோ 1,800. கூலியில் அநியாயம் ஒரு ரூபாய்கூட இல்லை என்று எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன்.

ஆனால் பையன் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

"பிரிச்சப்புறம் ஒரு போன் பண்ணிருக்கலாமேண்ணே?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

இதுதான் கோளாறு. அந்த ஒரு போன் வந்திருந்தால் பையன் என்ன சொல்லியிருப்பானோ! புது பிளாக் வேண்டாம், பழையதையே லேத்தில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள் என்றிருக்கலாம். புதுப்பேட்டையில் பழைய பிளாக் தேடியிருக்கலாம். டைமிங் செயினை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கலாம். அல்லது 6,600-க்கே சரி என்றிருக்கலாம். தீர்மானம் அவனுடையது, அதை அண்ணன் எடுத்துக்கொண்டுவிட்டார். விலை நியாயமாக இருப்பதால் மட்டும் இது நியாயமாகிவிடாது. இதை அண்ணனிடம் நேராகவே சொன்னேன்.

"எடுத்த வேலை நிக்கக்கூடாதுன்னு செஞ்சுட்டேன் ஸார். போன் பண்ணா, நாளைக்குச் சொல்றேம்பாங்க. பிரிச்ச வண்டி ஒரு வாரம் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றார். அவர் கடை பத்துக்குப் பன்னிரண்டு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் போன் பண்ணியிருக்க வேண்டும்.

கடைசியில் கூலி குறையவில்லை. பையன் 4,500 கொடுத்தான். மிச்சம் 2,100, இரண்டு மாசத்தில். சீட்டின் பின்னால் இருவரும் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டார், கோட்டுத் தையல்காரர் மாதிரி.

வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. பையன் உடனே கிளம்பவில்லை. மூலையில் கிடந்த பழைய பிஸ்டனைக் காட்டி, "அதை எடுத்துக்கவாண்ணே?" என்றான்.

"அது இரும்புக் கடைக்குக்கூடப் போகாதேப்பா, எதுக்கு?"

பேப்பரில் சுற்றி சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

"அம்மா கிட்ட காட்டணும்ணே. ஆறாயிரத்தி அறுநூறு எங்க போச்சுன்னு கேப்பாங்க."